ஏனம்

பண்டிகையின் மூன்றாம் நாள்.
வேம்படியில் மேசை போட்டு
அசனக் கணக்கு எழுதுகிறேன்.
அரிசி இத்தனை மூடை, கிடா இத்தனை,
மும்பைவாழ் சபையார் சார்பில் எண்ணெய் பதினோரு டின்,
பெயர் சொல்ல விரும்பாத ஒருவர், கத்தரிக்காய்.
(பெயர் எல்லாருக்கும் தெரியும்.)
தேரியிலிருந்து காற்று கிளம்பினால்
சிவப்பு மண் வந்து தாளில் உட்காரும்.
ஊதி ஊதித்தான் எழுத வேண்டும்.

காலையில் உபதேசியார் மாசிலாமணி சொன்னார்,
கிருபைக்கு ரசீது கிடையாது என்று.
எனக்கு ஒப்பவில்லை.
முப்பது வருஷம் கூட்டுறவுச் சங்கத்தில்
ரசீது இல்லாமல் ஒரு மூடை யூரியா
வெளியே விட்டதில்லை நான்.
அவர் தருகிறார், சரி.
நாம் விசுவாசிக்கிறோம், அது நம் பங்கு.
பங்கு என்று ஒன்று இருந்தால்
அதற்குப் பேரேட்டில் ஒரு பக்கம் இருக்கத்தான் வேண்டும்.

பொழுது அடைய
ஓலைப்பாயில் சோற்றைக் கொட்டினார்கள்,
ஆள் உயரத்துக்கு.
மேலே வெள்ளை வேட்டி.
ஆவி அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.

பந்திகள் முடிந்து
வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்கள் வரிசை.
அதன் வாலில் தேவபிச்சை.
பாளையங்கோட்டை என்றால் எங்களுக்குப்
பள்ளிக்கூடமும் உண்டு, ஜெயிலும் உண்டு.
இவன் போனது இரண்டாவதற்கு.
உடன்பிறந்தவன் நெற்றியில் மண்வெட்டியால் போட்டவன்.
திரும்பி வந்து ஏழு வருஷம்,
சங்கக் காணிக்கை ஒரு ரூபாய் இல்லை,
திருவிருந்துக்கு முழங்கால் படியிட்டதில்லை.
எழுந்தேன்.
இவன் பேர் கணக்கில் இல்லை என்று
வாயெடுத்தேன்.

கறிக்கரண்டி பிடித்திருந்த அருமைநாயகத்துக்கு
அந்த அவசரத்தில் முகம் ஏது?
வாளி தெரியும், வாளியின் வாய் தெரியும்.
"தள்ளிப் புடிடே, கையில பட்டுரும்."
அவ்வளவுதான் விசாரணை.

அவன் தூக்குவாளியை உயர்த்திப் பிடித்தபோது
அடியில் புள்ளிவெட்டாய் ஒரு பெயர்.
எமிலியாள். என் மனைவி.
கீழே எங்கள் கல்யாணத் தேதி.

"ஏனம் இல்லைன்னு பாதி வழியில திரும்பப் பாத்தாரு.
குடுத்தேன்" என்றாள்.
"நமக்கு?"
"நமக்கு என்ன, கையா இல்ல?"

கூட்டிப் பார்க்க உட்கார்ந்தேன்.
மூன்றாம் பக்கம், பதினாலாவது வரி:
என் பெயர். அரிசி ஐம்பது கிலோ.
கொடுத்தது இருபத்தைந்து.
மீதி அடுத்த வாரம் என்று
பென்சிலில் எழுதியிருந்தேன்,
போன வருஷத்தைப் போலவே.
இல்லாத அந்த இருபத்தைந்து கிலோவும்
எப்படியோ வெந்து
எல்லார் இலைக்கும் போயிருக்கிறது.
ஒருவரும் பசியோடு எழவில்லை.
கூட்டல் நேராகவில்லை. இரண்டு முறை போட்டேன்.

ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார்கள்.
அண்டாவைச் சாய்த்துக்கொண்டு அருமைநாயகம்
"கணக்கப்பிள்ள இன்னும் திங்கலியே,
ஏனம் எங்க?" என்றார்.

என் பங்கு, என் பங்கு என்று வைத்திருந்தேனே,
அது இதுதான் போலிருக்கிறது:
வெறும் இரண்டு கை,
அதிலும் நீல மை.
அதையாவது நானே நீட்டினேனா?
பின்னாலிருந்து எமிலியாள்
முழங்கையைத் தூக்கிவிட்டதாகத்தான் நினைவு.

சோறு சுட்டது.
அடிப்பிடித்த கறி விரலிடுக்கில் இறங்கி
மணிக்கட்டைத் தாண்டிச் சட்டைக்குள் ஓடியது.
உறைப்பில் இருமல் வந்தது.
கீழே வைக்க இடமில்லை, விட மனமில்லை.

மணிக்கூண்டுப் படியில் உண்டுகொண்டிருந்த தேவபிச்சை
எழுந்து, வாளி மூடியைக் கழுவி,
தண்ணீர் மொண்டு வந்தான்.
வாங்க எனக்குக் கை ஒழியவில்லை.
வாயைத் திறந்தேன்.
அவன் ஊற்றினான்.